எதைப் போட்டாலும் எரியும் அடுப்பு

அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வாசித்துக் காட்டி வளர்ந்தவர்களே, இது உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து நோட்டீஸ், வங்கிக் கடிதம், டொக்டர் சொன்னது, கவுன்சில் கேட்டது என்று பத்து வயதிலிருந்தே வீட்டுக்கு வாயாக இருந்தோமே, அந்த எங்களுக்கு. இப்போது முப்பதை எட்டிப் பார்க்கிறோம். எனக்குப் போன மாதம் முதல் நரை வந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

நாங்கள் கூடுகிற இடங்களில் இந்தக் கதைகளைப் பகிடியாகத்தான் சொல்கிறோம். "டொக்டர் அரை மணித்தியாலம் கதைச்சவர், நான் அம்மாவுக்கு ஒண்டும் இல்லையாம் எண்டு சொல்லிப் போட்டன்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். என்னுடைய கதையை மட்டும் நான் சொன்னதில்லை. வெட்கம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அது இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டுக் குளிர்காலம். எனக்குப் பதின்மூன்று வயது. மெல்பேர்னில், டண்டினொங்கில் ரயில்பாதைக்குக் கிட்ட ஒரு பழைய பலகை வீட்டில் இருந்தோம். சுவரில் காதை வைத்தால் வெளியே காற்றுப் போவது கேட்கும். அந்த வீட்டில் இருந்த காஸ் ஹீட்டரைச் சோதிக்க வந்த ஆள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, இனி இதைப் பாவிக்கக்கூடாது என்று ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். காலையில் குசினியில் நின்று மூச்சு விட்டால் புகையாகத் தெரியும். என் தம்பிக்கு அப்போது நான்கு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். அம்மா அவனுக்குச் சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று சட்டை போட்டு, கையைத் தூக்கவே முடியாமல் ஆக்கி வைத்திருப்பார்.

என்ன ஹீட்டர் வாங்குவது என்று அப்பாவுக்கு ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். சுவரில் பூட்டும் ஏசி போடு, சூடும் தரும் குளிரும் தரும் என்றார் ஒருவர். பேசாமல் புதுக் காஸ் ஹீட்டர் போடு என்றார் இன்னொருவர். அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கரண்ட் நிண்டால் என்ன செய்யிறது? காஸ் நிண்டால்?"

"மெல்பேர்னில எங்கயப்பா காஸ் நிக்கப்போகுது?" என்று அம்மா கேட்டார்.

"யாழ்ப்பாணத்திலயும் நிக்காது எண்டுதான் நினைச்சனாங்கள்."

போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர். ஒரு சாமான் வருவது நின்றாலும் வீடு நிற்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. மெல்பேர்ன் வந்த பிறகும் எங்கள் வீட்டில் இரண்டு மூடை அரிசிக்குக் குறைந்து இருந்ததில்லை. கடைசியில் யாரோ ஒருவர், விறகும் எரியும், நிலக்கரித் தூளை அமுக்கிச் செய்த பிரிக்கெட் கட்டியும் எரியும் இரும்படுப்பு ஒன்று இருக்கிறது என்று சொன்னார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான் சாமான். எதைப் போட்டாலும் எரியோணும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை நானும் அப்பாவும் கடைக்குப் போனோம். அப்பா கோழித் தொழிற்சாலையில் வேலை முடிந்து நேரே வந்திருந்தார். தலைக்குப் போடுகிற வலை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லியும் கழற்றவில்லை. கடையில் வரிசையாக இருந்த அடுப்புகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். மண்சட்டி வாங்குகிற ஆள் மாதிரி விரல் முட்டியால் இரும்பைத் தட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் என் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தகப்பனோடு கடைக்குள் வந்தாள். என்னைக் கண்டு கையைக் காட்டினாள். எனக்கு அந்த அடுப்பு ஒன்றுக்குள் நானே புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைக்காரர் பொறுமையான மனிதர். எங்கள் அறையின் நீள அகலத்தைக் கேட்டு, ஒரு சின்ன அடுப்பைக் காட்டினார். பெரிய அடுப்பைச் சின்ன அறையில் வைத்தால் சூடு தாங்காது, பிறகு காற்றை அடைத்துத் தீயைப் புழுங்கவிடுவீர்கள், புழுங்குகிற தீ புகையும், குழாய்க்குள் தார் பிடிக்கும் என்று விளக்கமாகச் சொன்னார். நான் அப்பாவிடம் திரும்பி, "சின்னது போதுமாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"அவருக்கென்ன தெரியும். இருக்கிறதிலயே பெரிசு எது எண்டு கேள்."

இருக்கிறதிலேயே பெரிசு வாங்கப்பட்டது. அடுப்போடு ஒரு கைநூல் தந்தார்கள். நடுவில் இரண்டு கம்பி குத்திய மெல்லிய புத்தகம். எங்கள் வீட்டில் யார் வாசிப்பது என்று கடைக்காரர் கண்டுகொண்டார் போல. அதை என் கையில் தந்து, குனிந்து, மற்றதெல்லாம் ஆறுதலாக வாசிக்கலாம், சிவப்புக் கட்டம் போட்ட பக்கத்தை மட்டும் முதலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டு என்றார். நான் சரி என்றேன். வகுப்புப் பெண் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நான் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அடுப்பு வந்து, குழாய் பூட்டி, முதல் நாள் எரித்தபோது வீட்டுக்குள் வியர்த்தது. வெளியே எலும்பை நடுக்கும் குளிர், உள்ளே நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறோம். அப்பா தோற்றுப் போகிறவர் அல்ல. காற்றுத் துவாரங்களை அடைத்தார். தீ படுத்துக்கொண்டது. அடுப்புக் கதவின் கண்ணாடி கறுத்தது. கடைக்காரர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. புகை முழுவதும் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பில் போய்ப் படிந்தது. பள்ளிக்கூடத்தில் என்னருகில் இருந்தவள், நீ காம்பிங் போய்விட்டு வந்தாயா என்று கேட்டாள். நான் ஆமென்று சொல்லிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் பின்னறை மாமா வந்தார்.

அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. படகில் வந்தவர். முகாமில் வைத்திருந்து வெளியே விட்டபோது, நாட்டில் இருக்கலாம், வேலை செய்யக்கூடாது என்று ஒரு விசா கொடுத்திருந்தார்கள். வேலை இல்லாத மனிதனுக்கு யார் அறை வாடகைக்குத் தருவார்கள்? கோயிலில் யாரோ அப்பாவிடம் கேட்க, அப்பா யோசிக்காமல் எங்கள் பின்னறையைக் கொடுத்தார். அந்த அறை இல்லையென்றால் அவருக்குப் போக இடம் இல்லை. இது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

வந்த முதல் நாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம் மெல்லக் கேட்டார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் ஒருக்காப் பாக்கட்டோ? ஊரில பதினொரு வருசம் பேக்கரியில போறணைக்கு முன்னால நிண்டனான்."

போறணை என்றால் பாண் சுடுகிற பெரிய அடுப்பு. அவர் எங்கள் அடுப்பின் கதவைத் திறந்து, பாதி எரிந்து கறுத்துக் கிடந்த கட்டைகளைக் கிளறி, சாம்பலை முழுவதும் வழிக்காமல் ஒரு படுக்கையாக விட்டு, அதன்மேல் மெல்லிய விறகாக நாலைந்து மட்டும் வைத்துப் பற்றவைத்தார். மேல் துவாரத்தைத் திறந்தார். கீழ்த் துவாரத்தை மூடினார்.

"விறகுக்கு மேல்காத்து. கரிக்குக் கீழ்காத்து. தீயைச் சின்னனா வைச்சிருக்கோணும், ஆனா நித்திரை கொள்ள விடக்கூடாது."

ஒரு மணித்தியாலத்தில் கண்ணாடியைத் தானே எரித்துத் துப்புரவாக்கியது அடுப்பு. மிச்சக் கறையை ஈரக் கடதாசியில் சாம்பல் தொட்டுத் துடைத்தார். அன்றுதான் அந்த அடுப்புக்குள் தீ எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்தோம். அப்பா தன் பெரிய அடுப்பின் புகழை ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினார்.

அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு கதகதப்பாக இருக்கும். அடுப்பின் மேல் மூடிபோட்ட இரும்புச் சட்டியில் மாமா பாண் சுட்டு வைத்திருப்பார். அடி கருகலாக, மொறுமொறுப்பாக. அதைப் பிய்த்து மாஜரின் பூசிச் சீனி தூவித் தருவார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை அடுப்புக்கு நேரே நீட்டிக்கொண்டு, "இந்த வீட்டில முதல் முறையா என்ர கால் எனக்குத் தெரியுது" என்பார். எனக்கு அந்த மனிதனை மிகவும் பிடித்திருந்தது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கைநூலை அவர்தான் தேடி எடுத்தார். சும்மா இருக்கிற நேரத்தில் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று ஆசை. "வேற புத்தகம் எல்லாம் என்ன சொல்லுது எண்டு விளங்காது பிள்ளை. அடுப்பைப் பற்றி எண்டால் பாதி எனக்கு முன்னமே தெரியும்" என்றார். பின்னேரங்களில் நான் ஒரு பக்கம் வாசிப்பேன், தமிழில் சொல்வேன். அவர் பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார். விறகுக்கு மேல்காற்று, கரிக்குக் கீழ்காற்று என்று புத்தகத்திலும் இருந்தது. அதை வாசித்த நாள் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களோ, வெள்ளைக்காரனும் எங்கட முதலாளி சொன்னதைத்தான் சொல்லுறான்."

ஒரு நாள் சிவப்புக் கட்டம் போட்ட பக்கம் வந்தது. நீளமான சொற்கள். மரத்துக்குப் போடுகிற மருந்துகளின் பெயர்கள், இரசாயனப் பெயர்கள். நான் முதல் வரியை வாயசைத்துப் பார்த்தேன். விளங்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அகராதி பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான். அப்பாவின் நண்பர்கள் வந்தால், "எங்கட பிள்ளை கடகடவெண்டு வாசிப்பாள்" என்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறவள். எனக்கு விளங்காத ஆங்கிலம் ஒன்று இருக்கிறது என்பதை, ஆங்கிலமே தெரியாத ஒரு மனிதனுக்கு முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"இந்தப் பக்கம் என்ன பிள்ளை? சிவப்பாப் போட்டிருக்கு?"

"அது கடைக்காரருக்கு எழுதினது மாமா. எங்களுக்குத் தேவையில்ல."

"ஓமோ?" என்றார். பிறகு ஒழுங்கான மனிதர் அல்லவா, அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு வரி எழுதினார். நாங்கள் அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

ஜூலை மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பழைய தோட்ட வேலியைப் பிடுங்கி, கவுன்சில் வண்டி எடுத்துப்போக வாசலில் அடுக்கியிருந்தார்கள். பார்க்க நல்ல பலகைகள். வெயில் பட்டுக் காய்ந்து இலேசாகி இருந்தன. உள்ளே மட்டும் ஒரு மங்கல் பச்சை. மாமா வீட்டுக்காரரிடம் கையால் சைகை காட்டிக் கேட்டார், அவர் எடு எடு என்று கை காட்டினார். மாமா பழைய தள்ளுவண்டி ஒன்றில் நாலு தரம் ஏற்றி வந்தார். வீட்டுக்குத் தன்னால் ஒன்றும் தர முடியவில்லை என்று அவருக்கு ஓயாத குறை இருந்தது. அந்தப் பலகைக் குவியலைப் பார்த்தபோது அவருடைய முகத்தில் இருந்த சந்தோசம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. "இந்தக் குளிர்காலம் முடியுமட்டும் அண்ணை விறகைப் பற்றி நினைக்கத் தேவையில்லை" என்றார்.

அந்தப் பலகைகள் இரண்டு கிழமை எரிந்தன. சாம்பலை வீணாக்குகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லையே. அம்மா அதைத் தொட்டு மீன்சட்டி விளக்கினார். மிச்சத்தை மாமா அம்மாவின் கறிவேப்பிலைக்குப் போட்டார். அந்தக் கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரிய சாடியில், குளிர்காலத்தில் போர்வை போர்த்தி அம்மா வளர்த்தது. டண்டினொங்கில் பாதித் தமிழ் வீடுகளின் கறிக்கு அதிலிருந்துதான் இலை போகும். சின்னவன் தன் பங்குக்கு ஆறிய சாம்பலை ஒரு கிண்ணத்தில் அள்ளி வைத்துக் கோயில் விளையாடினான். அவன்தான் ஐயர். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் நெற்றியில் பூசிவிட்டு, தானும் உடம்பெல்லாம் பூசிக்கொள்வான். அந்தக் கோலத்தில் ஒரு படம்கூட எடுத்து வைத்திருந்தோம். பிறகு அம்மா அதை அழித்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சின்னவன் குடித்ததையெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கினான். சனிக்கிழமையும் நிற்கவில்லை. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வளவில் நடந்துகொண்டிருந்தார். நானும் கூட நின்றேன். மாமா மூலையில் பலகை அரிந்துகொண்டிருந்தார். அப்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தன் உடுப்பில் புகை படிந்தபோதுகூட ஒரு சொல் சொல்லாதவர். அரிந்து கிடந்த பச்சைப் பலகையைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. நீங்கள் இதை எரிக்கிறீர்களா என்று கேட்டார். இது பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம், அந்த மருந்தில் நஞ்சு இருக்கிறது, எரித்தால் புகையிலும் நஞ்சு, சாம்பலில் இன்னும் கூட நஞ்சு, தயவுசெய்து நிறுத்துங்கள் என்றார். அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அம்மா முதலில் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு கறிவேப்பிலைச் சாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அந்தப் புத்தகம் முழுக்க வாசிச்சனிதானே? அதில இதைப் பற்றி ஒண்டும் போடேல்லையோ?"

எனக்குச் சிவப்புப் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது. விளங்காத அந்த நீளச் சொற்கள் என்னவென்று அந்த நொடியில்தான் விளங்கியது. சின்னவனின் தலை அவர் தோளில் துவண்டு கிடந்தது. நான் பயந்துவிட்டேன்.

"போட்டிருக்கு அம்மா. நான் மாமாவுக்குச் சொன்னனான். அவர்தான் கேக்கேல்ல."

வாள் அரிகிற சத்தம் நின்றது. அவருக்குக் கேட்டிருக்கும். பத்தடி தூரம்தான்.

அப்பா நாலு மணிக்கு வேலையால் வந்தார். அதற்குள் அம்மா கறிவேப்பிலையைச் சாடியோடு குப்பைத் தொட்டியில் தள்ளியிருந்தார். இலை வாங்கிய வீடு ஒவ்வொன்றுக்கும் போன் எடுத்து, "கறிவேப்பிலையை எறியுங்கோ, சமைச்சிருந்தால் அதையும் எறியுங்கோ" என்று சொல்லச் சொல்ல அழுதார். அப்பா மாமாவைக் கூப்பிட்டு அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தார். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, பிள்ளை சொன்னதாம். நீர் கேக்கேல்லையாம். உண்மையோ?"

மாமா என்னைப் பார்த்தார். கைநூல் விறகுப் பெட்டியின் மேல் கிடந்தது. அதையும் பார்த்தார். கையை நீட்டினால் எட்டும். எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும்.

"ஓம் அண்ணை. பிள்ளை சொன்னவதான். நான்தான் கவனிக்கேல்ல."

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சின்னப் பிள்ளை இருக்கிற வீடு தம்பி. வேற இடம் ஒண்டு பாக்கிறது நல்லம்" என்றார். மாமா ஓம் என்றார். சிட்னியில், லிட்கமில், அவரோடு படகில் வந்த நாலு பேர் ஓர் அறையில் இருந்தார்கள். அங்கே நிலத்தில் படுக்க இடம் தருவதாகச் சொன்னார்களாம். திங்கட்கிழமை காலை, நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே ஆயத்தமாக நின்றார். ஒரு பை. ஒரு குளிர்ச்சட்டை, அதுவும் அப்பாவினுடையது. போகும்போது அடுப்பைத் திறந்து ஒரு பிரிக்கெட் வைத்து, கீழ்த் துவாரத்தை அளவாகத் திருப்பிவிட்டார்.

"போட்டு வாறன் பிள்ளை. வடிவாப் படியுங்கோ" என்றார். நான் சப்பாத்துக்கு நாடா கட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

அன்று பின்னேரம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் கைநூலை எடுத்துச் சிவப்புப் பக்கத்தைத் திருப்பினேன். மற்றப் பக்கங்கள் எல்லாம் பொடி எழுத்தால் நிறைந்திருக்க, அந்தப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. மேல் மூலையில் ஒரு வரி. 'இது கடைக்காரருக்கு. எங்களுக்குத் தேவையில்லை. பிள்ளை சொன்னவ.'

நான் அடுப்பின் கதவைத் திறந்தேன். அவர் காலையில் வைத்த பிரிக்கெட் இன்னும் சிவந்து கிடந்தது. புத்தகத்தை உள்ளே போட்டேன். முதலில் ஓரங்கள் சுருண்டன. பிறகு ஒவ்வொரு பக்கமாகத் தானே புரண்டு எரிந்தது, யாரோ அவசரமாக வாசிப்பது போல. அப்பா சொன்னது சரி. எதைப் போட்டாலும் எரிந்தது.

சின்னவனுக்கு இரத்தம் எடுத்து, சிறுநீர் எடுத்து, எல்லாம் சோதித்தார்கள். நஞ்சு எதுவும் இல்லை. பாலர் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கிழமை அதே சத்தியும் வயிற்றோட்டமும்தான் என்று டொக்டர் சொன்னார். இந்த முறை நான் ஒரு சொல்லும் விடாமல் அப்பாவுக்குச் சொன்னேன். காரில் வரும்போது அம்மா, "அந்த மனிசனை அவசரப்பட்டு அனுப்பிப் போட்டமோ?" என்று கேட்டார். அப்பா ஓட்டிக்கொண்டே, "அனுப்பின ஆளை என்னெண்டு திருப்பிக் கூப்பிடுறது?" என்றார். அப்பாவுக்கும் வெட்கம். அதை அப்போது நான் கோபம் என்று நினைத்தேன். பின்சீட்டில் இருந்த எனக்கு, இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்தது. சின்னவனுக்கு ஜன்னலால் ரயிலைக் காட்டினேன்.

அடுத்த வருடம் அடுப்பை யாரோ வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் ஏசி வந்தது. அடுப்பு நின்ற இடத்தில் தரையில் ஒரு சதுரத் தடம் மட்டும் இருந்தது. கதை மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அம்மா அதைச் சொல்லாத விருந்து இல்லை. குளிர்காலம் வந்து யாராவது ஹீட்டர் என்று வாயெடுத்தால் போதும். பெரிய அடுப்பு வாங்கிய அப்பா, நெற்றியில் நஞ்சு பூசிய குட்டி ஐயர், குப்பைக்குப் போன கறிவேப்பிலை என்று நன்றாகச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். "பிள்ளை வாசிச்சுச் சொன்னவள், அந்த மனிசன்தான் கேக்கேல்ல" என்ற இடம் வரும்போது அம்மா ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்ப்பார். சாட்சிக்குக் கேட்கிறார் என்று நினைத்து நான் தலையாட்டுவேன். எத்தனை முறை ஆட்டியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

போன ஆண்டு, எனக்குப் பேசி முடித்திருந்த வீட்டார் முதல் முறை சாப்பிட வந்தார்கள். அம்மா அந்தக் கதையைச் சொன்னார். அந்த இடம் வந்தது. அம்மா நிறுத்தினார், பார்த்தார். நான் தலையாட்டினேன். என்னருகில் இருந்த, என்னைக் கட்டப்போகிறவர், "அப்பவே கெட்டிக்காரி" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் போனபிறகு குசினியில் அம்மா கோப்பை கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் அவருக்குச் சொல்லேல்ல."

அம்மா திரும்பவில்லை. எதைப் பற்றி என்றும் கேட்கவில்லை.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அவர் போனதுக்கு அடுத்த நாள். சாம்பல் தட்டைக் கொட்டேக்க ரெண்டு கம்பி கிடந்தது. புத்தகத்தைத் தேடினன், காணேல்ல. கடுதாசி எரியும், கம்பி எரியாதே."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அப்ப ஏன் அவரைத் திருப்பிக் கூப்பிடேல்ல?"

"கூப்பிட்டால் உன்னைச் சொல்லோணும். எனக்கு வாய் வரேல்ல. என்ர பிள்ளை பொய் சொன்னவள் எண்டு ஒரு ஆம்பிளைக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது எண்டு நினைச்சன். அது என்ர பிழை." அம்மா குழாயை மூடினார். "இப்ப அவர் அங்க ஒரு பேக்கரியில நிக்கிறார். வருசம் பிறந்தால் மெசேஜ் போடுவார். பிள்ளை என்ன செய்யிறா எண்டு கேப்பார்."

"பிறகு ஏன் அம்மா எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்லுறீங்கள்? எனக்கு முன்னாலயே?"

அம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். ஈரக் கையைச் சீலையில் துடைத்தார்.

"நீ ஒரு நாளைக்கு வாயைத் திறப்பாய் எண்டு பாத்தன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில நிப்பாட்டிப் பாத்தன்."

மாமாவுடைய போன் இலக்கத்தை அம்மா அன்றே என் போனுக்கு அனுப்பினார். ஒன்பது மாதமாக என்னிடம் இருக்கிறது. இவ்வளவையும் உங்களுக்கு எழுத முடிந்தது. அவருக்கு இன்னும் போன் எடுக்கவில்லை.